பகர அடைப்புக்குள் ஒரு குயவர்: நேயார்க்கோஸ் பீடமும் அதன்மேல் எழுந்த கேள்விகளும்

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் கிடைத்த உடைந்த பளிங்குப் பீடம் ஒன்றில் நான்கு வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை. ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் போகப் போக உடைப்பில் மறைந்துவிடுகிறது. மிஞ்சிய எழுத்துகள் சொல்வது இவ்வளவுதான்: நேயார்க்கோஸ் என்பவர் ஒரு காணிக்கை வைத்தார்; அது அவர் வேலையின் வருவாயிலிருந்து எடுத்த முதற்பங்கு; பெற்றுக்கொண்டவள் அதீனா; செய்தவர் எவ்மாரெஸின் மகன் அந்தேனோர். காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி.

கலை வரலாற்று நூல்களைத் திறந்தால் இதே கல் வேறு மாதிரி பேசுகிறது. அங்கே நேயார்க்கோஸ் ஒரு குயவர். அவரே பானைகளில் கையெழுத்திட்ட புகழ்பெற்ற ஓவியர். அவர் வைத்த சிலை இன்று அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் 681ஆம் எண்ணுடன் நிற்கும் பெரிய பெண் உருவம். அதைச் செதுக்கிய அந்தேனோர்தான் டெல்ஃபி அப்பல்லோ கோயிலின் கிழக்கு முகப்புச் சிற்பங்களையும் செய்தவர். இந்த நான்கு செய்திகளில் எதுவும் கல்லில் நேராக எழுதப்படவில்லை. ஒவ்வொன்றும் அறிஞர்கள் அடுத்தடுத்துக் கட்டிய ஊகம். சில ஊகங்கள் உறுதியானவை, சில தளர்ந்தவை. எது எப்படிப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் சூழலைச் சொல்லிவிட வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அக்ரோபோலிஸ் முழுக்கக் காணிக்கைச் சிலைகள் நின்றன. செல்வர் மட்டும் வைத்தவை அல்ல அவை. ஸ்மிகித்தே என்ற வண்ணாத்தி பளிங்குத் தொட்டி ஒன்றைத் தன் வருவாயில் பத்தில் ஒரு பங்காக வைத்திருக்கிறாள். துணி வெளுக்கும் தொழில் செய்த சீமோன் என்பவரும் பத்தில் ஒரு பங்கு என்று எழுதிவைத்துக் காணிக்கை தந்திருக்கிறார். வேலை செய்து ஈட்டியதில் தெய்வத்துக்கு முதற்பங்கு அல்லது பத்தில் ஒன்று என்பது அங்கே நிலைபெற்ற வழக்கம். அந்த வழக்கத்தைப் பீடத்தில் பெயரோடு வெட்டிவைப்பதும் வழக்கம்.

சிலை பீடத்தில் நிற்கும் முறையும் நம் கேள்விக்கு முக்கியம். சிற்பி உருவத்தோடு சேர்த்து அதன் காலடியில் மெல்லிய கல் தளம் ஒன்றையும் விட்டுச் செதுக்குவார். பீடத்தின் மேற்பரப்பில் அந்தத் தளத்தின் வடிவத்துக்கு ஏற்பக் குழி வெட்டுவார்கள். தளத்தைக் குழியில் இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியில் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆக, சிலைக்கும் பீடத்துக்கும் உறவு சொல்லக்கூடிய சாட்சி அந்தக் குழியும் ஈயமும்தான்.

கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸைக் கைப்பற்றி அக்ரோபோலிஸை எரித்தபோது சிலைகள் பீடங்களிலிருந்து தள்ளி உடைக்கப்பட்டன. திரும்பிவந்த ஏதென்ஸ் மக்கள் உடைந்தவற்றைக் குன்றின் நிரப்பு மண்ணில் புதைத்தார்கள். சில கற்கள் சுவர்களுக்குள் போயின. சிலை ஓரிடம், பீடம் ஓரிடம், பீடத்தின் ஒரு துண்டு இன்னோரிடம் என்று எல்லாம் பிரிந்தன. 1885 முதல் 1890 வரை கிரேக்கத் தொல்லியலாளர் பனயோட்டிஸ் கவ்வாதியாஸ் தலைமையில் குன்று முழுவதும் பாறை வரை தோண்டப்பட்டபோது அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. 1886 பிப்ரவரியில் எரெக்தெயோன் கோயிலுக்கு வடமேற்கே ஒரே குழியில் பதினான்கு சிலைகள் கிடைத்தது அந்தக் காலத்தின் பெரும் செய்தி. கிடைத்தவை ஏராளம். ஆனால் எது எதோடு சேர்ந்தது என்று சொல்ல யாரும் மிச்சமில்லை.

இனிக் கல்லுக்கு வருவோம். இன்று அறிஞர்கள் பயன்படுத்தும் பாடம் இரண்டு பெருநூல்களில் இருக்கிறது. ஒன்று, அந்தோனி ராவ்பிட்ஷெக் லிலியன் ஜெஃப்ரியின் துணையோடு 1949இல் வெளியிட்ட அக்ரோபோலிஸ் காணிக்கைக் கல்வெட்டுத் தொகுதி. அதில் இது 197ஆம் எண். மற்றது, டேவிட் லூயிஸும் ஜெஃப்ரியும் பதிப்பித்து 1994இல் வந்த, ஏதென்ஸைச் சூழ்ந்த அத்திகா வட்டாரத்தின் கல்வெட்டுத் தொகுதி. அதில் 628ஆம் எண். இரண்டிலும் முதல் வரி இப்படிப் போகிறது: நேயார்க்கோஸ் என்ற பெயர், பிறகு ‘காணிக்கை வைத்தார்’ என்ற வினைச்சொல், அதன் முடிவில் உடைப்பு. இரண்டாம் வரி ‘உஸ்’ என்ற ஒலியுடைய இரண்டு எழுத்துகளில் தொடங்குகிறது. ஏதோ ஒரு சொல்லின் வால் அது. தலை முதல் வரியின் உடைந்த கோடியில் இருந்திருக்கிறது. பதிப்பாசிரியர்கள் அந்த இடத்தில் பகர அடைப்பு போட்டு, ‘கெராமெ’ என்று நிரப்புகிறார்கள். வாலோடு சேர்த்தால் ‘கெராமெஉஸ்’, அதாவது குயவர்.

குயவர் நேயார்க்கோஸ் பிறந்தது இந்த அடைப்புக்குள்தான்.

இந்த நிரப்பல் வெறும் கற்பனை அல்ல, அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. முதலாவது, மிஞ்சிய இரண்டு எழுத்துகளே தரும் சாட்சி. அக்கால ஏதென்ஸ் எழுத்துமுறையில் தந்தை பெயரின் ‘ஊஸ்’ என்ற வேற்றுமை ஈற்றை ‘ஓஸ்’ என்றே எழுதினார்கள். இதே கல்லில் எவ்மாரெஸின் பெயர் அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டாம் வரியின் தொடக்கத்தில் நிற்கும் ‘உஸ்’ ஒரு தந்தை பெயரின் வாலாக இருக்க முடியாது. தொழில் பெயர்கள் பல ‘எஉஸ்’ என்று முடிகின்றன. அடுத்து வரும் சொல் ‘வேலைகளின்’ என்பது. தொழிலைச் சொன்ன பிறகு ‘வேலைகளின் முதற்பங்கு’ என்று தொடர்வது மிகப் பொருத்தம். இரண்டாவது, குயவர்கள் அக்ரோபோலிஸில் காணிக்கை வைத்ததற்கு வேறு சான்றும் இருக்கிறது. ம்னெசியாதெஸ், அந்தோகிதெஸ் என்ற இருவர் சேர்ந்து வைத்த காணிக்கையில் ‘குயவர்’ என்ற சொல்லே வருகிறது.

மூன்றாவது காரணம் எழுத்தெண்ணிக்கை. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் நிரப்பலின் பலமும் பலவீனமும் இங்கேதான் ஒருசேரத் தெரிகின்றன. இரண்டாம் வரியின் முடிவில் ‘அதீனாவுக்கு’ என்ற சொல் வந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதன் முதல் எழுத்துகள் கல்லில் நிற்கின்றன, அக்ரோபோலிஸில் நூற்றுக்கணக்கான காணிக்கைகள் அப்படித்தான் முடிகின்றன. அந்தச் சொல்லை நிரப்பி எண்ணினால் இரண்டாம் வரியில் 23 எழுத்துகள். முதல் வரியில் குயவர் என்று நிரப்பி எண்ணினாலும் 23 எழுத்துகள். இரண்டும் சமம். பார்த்தவுடன் மனம் ஒப்பிவிடுகிறது.

ஆனால் இந்தக் கல்லைக் கட்டம் போட்டு எழுதியதாகக் கொள்ள முடியாது; எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். கிரேக்க ‘இ’ ஒரே நேர்கோடு, மிக ஒல்லியானது. ‘அதீனாவுக்கு’ என்ற சொல்லின் நிரப்பிய பகுதியில் அந்த ஒல்லி எழுத்து இரண்டு முறை வருகிறது. ஆகவே அதே நீளத்தில் முதல் வரிக்கு 22 எழுத்துகள் போதும். இப்போது வேறு தொழில்களைப் பொருத்திப் பாருங்கள். வெண்கலக் கொல்லரைக் குறிக்கும் ‘கல்கெஉஸ்’ என்று நிரப்பினால் 22. துணி வெளுப்பவரைக் குறிக்கும் ‘க்னாஃபெஉஸ்’ என்று நிரப்பினாலும் 22. சீமோன் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டார். மகன் என்று பொருள்படும் பழைய அத்திகாச் சொல்லும் ‘உஸ்’ என்று முடியும். முன்னால் ஐந்தாறு எழுத்துள்ள தந்தை பெயர் ஒன்றைப் போட்டால் அதுவும் இடத்தில் அடங்கும். தொழில் பெயரே வந்திருக்கும் என்பது என் முடிவு. ‘வேலைகளின்’ என்ற சொல் அந்தப் பக்கம் சாய்க்கிறது. ஆனால் எந்தத் தொழில் என்பதைக் கல்லின் அளவு தீர்க்கவில்லை.

அப்படியானால் கொல்லரையும் வெளுப்பவரையும் விட்டுவிட்டு எல்லோரும் குயவரைப் பிடித்துக்கொண்டது ஏன்? நேயார்க்கோஸ் என்ற பெயரில் ஒரு குயவர் நமக்குத் தெரியும் என்பதால்தான். அக்ரோபோலிஸிலேயே கிடைத்த கருவுருப் பாணிக் கோப்பை ஒன்றின் துண்டுகளில், வரைந்ததும் செய்ததும் நேயார்க்கோஸ் என்று எழுதியிருக்கிறது. அகில்லெஸ் தன் குதிரைகளைத் தேரில் பூட்டுவதற்காக நிற்கும் காட்சி அதில் இருக்கிறது. குதிரையின் முகத்தைத் தொட்டு நிற்கும் அந்த வீரனின் அமைதி, கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானை ஓவியத்தின் சிகரங்களுள் ஒன்று. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சிறிய எண்ணெய்க் குப்பியிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. நாரைகளோடு சண்டையிடும் குள்ளர்களை அதில் நுணுக்கமாக வரைந்திருக்கிறார். அவருடைய மகன்கள் த்லெசோனும் எர்கோதெலெஸும் கோப்பைகளில் ‘நேயார்க்கோஸின் மகன்’ என்று கையெழுத்திட்டார்கள். பெயரும் புகழும் உள்ள குடும்பத் தொழிற்கூடம் அது.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பை ஏறத்தாழ கி.மு. 560ஐச் சேர்ந்தது. பீடத்தின் எழுத்தமைதியும் அதற்குரியதாகச் சொல்லப்படும் சிலையின் பாணியும் கி.மு. 530க்கும் 510க்கும் இடைப்பட்டவை. இடையில் முப்பது நாற்பது ஆண்டு. வயது முதிர்ந்த குயவர் தன் வாழ்நாள் உழைப்புக்கு நன்றியாகச் சிலை வைத்தார் என்று சொல்வதில் தடையில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது கிரேக்க வழக்கம் என்பதால், இவர் த்லெசோனின் அல்லது எர்கோதெலெஸின் பிள்ளையாக இருக்கலாம் என்று சொல்வதிலும் தடையில்லை. முற்றிலும் தொடர்பற்ற இன்னொரு நேயார்க்கோஸாகவும் இருக்கலாம். அபூர்வமான பெயர் அல்ல அது. இங்கே நடந்திருக்கும் வட்டத்தைக் கவனிக்க வேண்டும். பானையில் கையெழுத்திட்ட நேயார்க்கோஸ் இருப்பதால் கல்லில் ‘குயவர்’ என்று நிரப்பினோம். கல்லில் குயவர் நேயார்க்கோஸ் இருப்பதால் அவர் பானை நேயார்க்கோஸ் என்றோம். இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று தாங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வாக்கியம்.

இந்த வட்டத்தின் விளைவு ஒரு பீடத்தோடு நிற்கவில்லை. பழைய ஏதென்ஸில் கைவினைஞரின் நிலை என்ன, குயவர் எவ்வளவு பொருள் ஈட்டினார் என்ற பெரிய விவாதத்துக்குள் இது புகுந்துவிட்டது. ஜான் பீஸ்லி 1944இல் ஏதென்ஸின் குயவரையும் ஓவியரையும் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரையிலிருந்து, அக்ரோபோலிஸ் காணிக்கைகள் அவர்களது செழிப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டு வருகின்றன. மறுபக்கம் மைக்கேல் விக்கர்ஸும் டேவிட் கில்லும் 1994இல் எழுதிய நூலில், வண்ணப் பானைகள் வெள்ளிக் கலங்களைப் பார்த்துச் செய்த மலிவுப் பொருள்களே என்று வாதிட்டார்கள். பானை மலிவென்றால் குயவருக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும் பளிங்குச் சிலை வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது? செழிப்பு என்போர் கட்சி இந்தப் பீடத்தை எடுத்துக்காட்டினால், எதிர்க்கட்சி அந்த அடைப்புக்குறியைக் காட்டிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ம்னெசியாதெஸ் வைத்த காணிக்கையை நான் சான்றாக ஏற்பேன். நேயார்க்கோஸுடையதைத் துணைச்சான்றாக மட்டுமே ஏற்பேன்.

சிற்பியின் பெயருக்கு வருவோம். இங்கே நிலம் உறுதியானது. அந்தேனோர் என்ற பெயரும் எவ்மாரெஸ் என்ற தந்தை பெயரும் கல்லில் நிற்கின்றன. அந்தேனோரை நூல்களிலிருந்தும் நமக்குத் தெரியும். கி.மு. 514இல் கொடுங்கோலன் ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்க்கோஸைக் கொன்று தாமும் உயிரிழந்த ஹர்மோதியோஸ், அரிஸ்தோகெய்தோன் ஆகிய இருவருக்கும் ஏதென்ஸ் சந்தை வெளியில் வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. பழைய சிலைகளை அந்தேனோர் செய்தார் என்றும், அவற்றைப் பாரசீக மன்னன் செர்க்சஸ் தூக்கிச் சென்றான் என்றும், பின்னாளில் அவை திரும்பிவந்தன என்றும் கிரேக்கப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் எழுதியிருக்கிறார். செர்க்சஸ் கொண்டுபோன பிறகு கி.மு. 477/6இல் கிரித்தியோஸும் நெசியோத்தெஸும் செய்த புதிய இணை அதே இடத்தில் நின்றது.

அந்த வீரர்களின் பீடத்தில் ஒரு துண்டும் 1936இல் சந்தை வெளி அகழாய்வில் கிடைத்தது. பெஞ்சமின் மெரிட் அதை வெளியிட்டார். அதில் இருப்பது இரண்டு வரிகளின் கடைசிப் பகுதி மட்டும். ஆனால் ஹெஃபைஸ்தியோன் என்ற யாப்பிலக்கண ஆசிரியர், சிமோனிதெஸ் பாடியது என்று ஓர் ஈரடியைத் தம் நூலில் எடுத்துக்காட்டியிருந்தார். கல்லின் முதல் துண்டு வரி அந்த ஈரடியின் முடிவோடு பொருந்தியது. அடுத்த வரி, நூலில் இல்லாத இன்னோர் ஈரடியின் மிச்சம். உடைந்த கல்லை நிரப்புவதற்கு இதைவிட வலுவான துணை கிடைக்காது: ஏட்டில் தப்பிய பாடம், யாப்பின் கட்டு, கல்லின் எழுத்து ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராமல் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நேயார்க்கோஸ் பீடத்துக்கு இந்தப் பேறு இல்லை. ஆனால் அந்தச் சந்தைக் கல்கூட ஒன்றைச் சொல்லவில்லை. அது அந்தேனோரின் சிலைகளைத் தாங்கியதா, புதிய இணையைத் தாங்கியதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

எவ்மாரெஸின் பெயரும் ஓர் ஊகத்தை எழுப்பியது. ஓவியத்தில் ஆணையும் பெண்ணையும் முதன்முதலில் வேறுபடுத்திக் காட்டியவர் ஏதென்ஸைச் சேர்ந்த எவ்மாரோஸ் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவரே அந்தேனோரின் தந்தை என்று கொண்டு, ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ட்ஸ் ஸ்டுட்னிச்கா 1887இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஓவியரின் மகன் சிற்பி என்பது இனிமையான செய்தி. பெயர் ஒற்றுமைக்கு மேல் அதற்குச் சான்றில்லை.

அதே ஸ்டுட்னிச்காதான் பெரிய முடிச்சையும் போட்டார். 1886 தோண்டலில் கிடைத்த 681ஆம் எண் பெண் சிலையை இந்தப் பீடத்தின்மேல் நிறுத்தியவர் அவர். அக்ரோபோலிஸ் பெண் சிலைகளிலேயே அளவில் முன்நிற்பது அது. அகன்ற தோள்கள், இடக்கையால் ஆடையைப் பற்றி இழுக்கும் நிலை, தூண்போல் நேராக விழும் மடிப்புகள், தனியே செய்து பதித்த கண்கள். மென்மையைவிடக் கம்பீரம் மிகுந்த உருவம். தளத்துக்கும் பீடக் குழிக்கும் உள்ள பொருத்தம், பெரிய சிலைக்குத் தகுந்த பெரிய பீடம், காலப் பொருத்தம் ஆகியவை இணைப்புக்கு ஆதரவான வாதங்கள். எல்லோரும் உடனே ஒப்பவில்லை. தொடக்கத்திலிருந்தே ஐயம் எழுப்பியவர்கள் உண்டு. உடைந்த விளிம்போடு உடைந்த விளிம்பு ஒட்டும் இணைப்பு வேறு, குழியும் தளமும் அளவில் ஒத்துப்போவது வேறு என்பது அவர்கள் வாதம். இன்று பெரும்பான்மையோர் இணைப்பை ஏற்கிறார்கள். அருங்காட்சியகத்திலும் கலை நூல்களிலும் ‘அந்தேனோரின் கோரே’ (கோரே என்றால் கன்னிப் பெண்) என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இணைப்பு எப்படி இருந்தால் முழு நம்பிக்கை பிறக்கும் என்பதற்கு அத்திகாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மெரெந்தா என்ற ஊரில் ஒரு தேவாலயத்தில் வைத்துக் கட்டப்பட்டிருந்த பீடத்தில் ஃபிராசிக்லேயா என்ற கன்னிப் பெண்ணின் கல்லறைக் கல்வெட்டு இருந்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பயணி ஃபூர்மோன் அதைப் படி எடுத்திருந்தார். 1972இல் அதே ஊரில் புதைக்கப்பட்ட நிலையில் ஒரு பெண் சிலை கிடைத்தது. தளத்தைச் சுற்றிய ஈயம் பீடத்துக் குழியோடு பொருந்தியது. இடம், ஈயம், வடிவம் எல்லாம் ஒன்றுபட்டதால் அதற்குப் பிறகு விவாதமே எழவில்லை. நேயார்க்கோஸ் பீடத்தின் இணைப்பு அந்த அளவுக்கு வரவில்லை. அதைப் பொய் என்று தள்ளவும் முடியாது.

இது ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்றால், டெல்ஃபி வரை போகும் சங்கிலி இதில்தான் தொங்குகிறது. ஏதென்ஸிலிருந்து துரத்தப்பட்ட அல்க்மெயோனித் குடும்பத்தார் டெல்ஃபியில் அப்பல்லோ கோயில் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார்கள் என்றும், சாதாரணக் கல்லில் கட்ட வேண்டிய முகப்பைத் தம் செலவில் பாரோஸ் பளிங்கில் கட்டித் தந்தார்கள் என்றும் ஹெரோதோதஸ் எழுதுகிறார். பிரெஞ்சுக்காரர்கள் 1892 முதல் நடத்திய அகழாய்வில் அந்தக் கிழக்கு முகப்பின் பளிங்குச் சிற்பங்கள் கிடைத்தன. அவற்றில் உள்ள பெண் உருவங்கள் 681ஆம் சிலையை மிகவும் ஒத்திருக்கின்றன. ஆகவே அந்த முகப்பு அந்தேனோரின் கைவேலை அல்லது அவர் பட்டறையின் வேலை என்ற முடிவு வந்தது. அதிலிருந்து அவர் அல்க்மெயோனித் குடும்பத்தின் ஆதரவு பெற்றவர், அதனால்தான் கொடுங்கோலாட்சி விழுந்த பின் வீரர்களின் சிலை செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது என்று அரசியல் வாழ்க்கை வரலாறும் எழுதப்பட்டது.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பீடத்தில் அந்தேனோர் பெயர் உறுதி. அந்தப் பீடத்தில் நின்றது 681ஆம் சிலை என்பது பெரும்பாலும் சரி. 681ஐயும் டெல்ஃபி உருவங்களையும் செய்தது ஒரே கை என்பது கண் சொல்லும் தீர்ப்பு. ஒரே காலத்தின் பொதுப் பாணியாகவும் அது இருக்கலாம். அல்க்மெயோனித் தொடர்பு அதற்கும் மேல் ஒரு படி. ஒவ்வொரு படியும் முந்திய படியின் ஐயத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. கடைசிப் படியில் நின்றுகொண்டு முதற்படியின் உறுதியோடு பேசுவதுதான் தவறு.

கல்வெட்டு பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத இன்னோர் இடம் உண்டு. சிற்பியின் கையெழுத்து வரியின் முடிவில், அவர் எதைச் செய்தார் என்று சொல்லும் இடத்தில், ஒரே ஓர் எழுத்துதான் மிஞ்சியிருக்கிறது. பதிப்புகளில் அது ‘அகல்மா’, அதாவது தெய்வத்தை மகிழ்விக்கும் அழகிய பொருள், சிலை என்று நிரப்பப்படுகிறது. நிரப்பல் பொருத்தமானதே. ஆனால் அக்ரோபோலிஸ் பெண் சிலைகள் யாரைக் குறிக்கின்றன என்பது இன்னும் தீராத வழக்கு. அவை பெயரற்ற கன்னியர் என்பது பழைய கருத்து. கேதரின் கீஸ்லிங் 2003இல் வெளியிட்ட நூலில், அவற்றில் பல அதீனாவையே குறிக்கலாம் என்று வாதிட்டார். சிலையோடு பீடம் உறுதியாக இணைந்த எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு என்பதையும் அவர் நூல் தெளிவாக்கியது. நேயார்க்கோஸ் பீடத்தை அந்த வழக்கில் சாட்சியாக அழைப்பவர்கள், அது தன் சிலையை என்னவென்று அழைத்தது என்று கேட்டால் ஒரே எழுத்தைத்தான் காட்ட முடியும்.

நிரப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிரப்பல் இல்லாவிட்டால் கிரேக்கக் கல்வெட்டியலில் பாதி இருக்காது. மராத்தோன் போரில் தளபதியாக நின்று உயிரிழந்த கல்லிமாக்கோஸின் காணிக்கைத் தூணை எடுத்துக்கொள்வோம். பெயர் இருந்த இடம் சிதைந்திருக்கிறது. அஃபித்னா ஊர்க்காரர் என்ற குறிப்பு கல்லில் நிற்கிறது. மராத்தோன் தளபதி அஃபித்னா ஊரைச் சேர்ந்த கல்லிமாக்கோஸ் என்று ஹெரோதோதஸ் சொல்கிறார். இந்த அடிப்படையில் பெயரை நிரப்புவது நியாயம், எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதே கல்லின் மற்ற வரிகளை ஷெஃப்டன், ஜெஃப்ரி, ஹாரிசன் எனப் பலர் பலவிதமாக நிரப்பியிருக்கிறார்கள். அங்கே பெயரை நம்பலாம், மற்றதை நம்பிப் போர் வரலாறு எழுதக் கூடாது. ஒரே கல்லில் இரண்டு வகை நிரப்பல். இரண்டுக்கும் ஒரே அடைப்புக்குறி. எழுத்து எங்கே போயிற்று என்பதைக் குறி சொல்கிறது, நிரப்பலை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்வதில்லை.

அந்தக் குறியின் வரலாறும் நமக்கு அந்நியமல்ல. கல்வெட்டறிஞர் ஊல்ச் 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டியவர்களுக்குப் பகர அடைப்பு பழக்கமானது. சிதைந்த எழுத்துகளை அதற்குள்தான் தந்தார்கள். கிரேக்க, லத்தீன் ஆவணங்களுக்கு 1931இல் லெய்டன் நகரில் கூடிய அறிஞர்கள் பொது விதி வகுத்தார்கள்: கல்லில் இல்லாமல் பதிப்பாசிரியர் நிரப்பியது பகர அடைப்புக்குள், ஐயமுள்ள எழுத்தின் அடியில் புள்ளி. நேர்மையான விதி. சிக்கல், பாடம் மொழிபெயர்ப்பாக மாறும்போது தொடங்குகிறது. மொழிபெயர்ப்பில் அடைப்பு விழுந்துவிடுகிறது, கலை வரலாற்று நூலில் மொழிபெயர்ப்பும் விழுந்து ‘குயவர் நேயார்க்கோஸ்’ மட்டும் நிற்கிறார். எர்ன்ஸ்ட் பேடியன் 1989இல் எழுதிய கட்டுரைக்கு ‘பகர அடைப்பிலிருந்து வரலாறு’ என்றே தலைப்பு வைத்தார். நிரப்பிய சொற்களைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதும் பழக்கத்தை அதில் அவர் கடுமையாகச் சாடினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கண்டிப்பு தேவைப்படுகிறது.

இப்போது கணினியும் நிரப்புகிறது. 2022இல் நேச்சர் இதழில் வெளிவந்த ‘இதாக்கா’ என்ற நரம்பு வலையமைப்பு, சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளை நிரப்பவும் இடம், காலம் குறிக்கவும் பயிற்றப்பட்டது. தனியே அது 62 விழுக்காடு சரியாக நிரப்பியது. அறிஞர்கள் தனியே 25, அதன் துணையோடு 72 விழுக்காடு எட்டினார்கள். பயனுள்ள கருவி, மறுப்பதற்கில்லை. பல வாய்ப்புகளை வரிசைப்படுத்திக் காட்டுவது அதன் சிறப்பு. கொல்லரையும் வெளுப்பவரையும் நினைவூட்ட அது உதவக்கூடும். ஆனால் அச்சான பதிப்புகளே அதன் பள்ளிக்கூடம். எந்தச் சொல் மிகுதியாக வருகிறதோ அதன் பக்கம் அது சாயும். வழக்கமான காணிக்கை வாசகங்களுக்கு அது நல்லது. ஒருவர் தன்னைப் பற்றித் தனியாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு அதன் துணை குறைவு. நேயார்க்கோஸ் கல்லில் நாம் இழந்தது அப்படிப்பட்ட சொல்லைத்தான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நேயார்க்கோஸ் தன் வேலையின் முதற்பங்கை அதீனாவுக்கு வைத்தார், எவ்மாரெஸின் மகன் அந்தேனோர் அதைச் செய்தார்: இது உறுதி. அவர் ஒரு கைத்தொழிலாளர்: மிகவும் நம்பத்தகுந்தது. அவர் குயவர்: மற்றவற்றைவிட வாய்ப்பு அதிகம், நிரூபணம் இல்லை. அவர் அகில்லெஸ் கோப்பையின் ஓவியர்: இருக்கலாம். 681ஆம் சிலை இந்தப் பீடத்தில் நின்றது: ஏற்கத் தக்கது, மறு ஆய்வுக்கு உரியது. டெல்ஃபி முகப்பு அந்தேனோருடையது: பாணி பற்றிய கருத்து, அவ்வளவே.

புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஈரத்தாளை எழுத்தின்மேல் பதித்துத் தட்டி எடுக்கும் பழைய படிகளோடு, பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுக்கும் புகைப்பட முறையும் முப்பரிமாண அளவீடும் இன்று கைக்கெட்டியவை. உடைப்பின் ஓரத்தில் ஓர் எழுத்தின் கால் தெரிந்தாலும் கொல்லர், வெளுப்பவர், குயவர் என்ற மூவரில் ஒருவராவது விலகுவார். பீடக் குழியையும் சிலைத் தளத்தையும் முப்பரிமாணத்தில் ஒப்பிட்டு அளந்தால் 1887 முதல் நடக்கும் வழக்கில் புதிய சாட்சி கிடைக்கும். அதுவரை, பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் காட்சிக்கூடக் குறிப்பு எழுதுவோரும் அந்த ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் பகர அடைப்பை விடாமல் போட வேண்டும். தமிழில் இதைப் பற்றி எழுதுவோருக்கும் அதே வேண்டுகோள்: நேயார்க்கோஸை [குயவர்] என்றே எழுதுங்கள்.